என் கையால தர்றேன்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் என்னோடு பேசமாட்டார்கள். மீதிப் பாதி, “இத்தன வருசமா எங்க டீச்சர் போயிருந்தீங்க?” என்று கேட்பார்கள். அதனால் ஊரே கூப்பிட்டது போல ஜமீன் ஐயா என்றே வைத்துக்கொள்கிறேன். என் அக்கா மகள் நிரோஷாவுக்கு வரவேண்டிய கடிதத்தைத் தேடி இந்த வருடம் அவர் கடைக்குப் போன நாள்வரை, எனக்கும் அவர் ஜமீன் ஐயாதான்.

ஒரு தீப்பெட்டி வாங்கப் போனாலும் அதை மேசையில் வைத்துத் தள்ளிவிட மாட்டார். எழுந்து நிற்பார். இரண்டு கையாலும் எடுத்து, நம் உள்ளங்கையில் வைத்து, ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் கையை எடுப்பார். கடையில் வேலைக்கு மூன்று பேர் இருந்தார்கள். அரிசி நிறுப்பார்கள், மூட்டை இறக்குவார்கள். ஆனால் சாமானை ஆளிடம் கொடுக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். “இருங்க தாயி, என் கையால தர்றேன்” என்பார். சம்பளத்துக்கு மறுநாள் வரிசை பஸ் திரும்புகிற இடம்வரை நிற்கும். யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. தூக்கிப் போட்டதை வாங்கியே பழகிப்போனவர்கள் நாங்கள். ஒருவர் எழுந்து நின்று கொடுத்தால் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கட்டையான ஆள். வெள்ளை வேட்டி, மேலே கறுப்புக் கோட், கழுத்தில் சிவப்பு மப்ளர். அடைமழை நாளில்கூட வேட்டியில் ஒரு சேற்றுப்புள்ளி இருக்காது. எங்கள் ஊர்ச் சேற்றைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை.

“நாங்க கொழுந்து பறிக்க வந்த ஆளுங்க இல்ல தாயி. திருச்சிப் பக்கம் ஜமீன். எங்க பாட்டன் யாவாரத்துக்குக் கப்பலேறி வந்தவரு” என்று சொல்வார். ஜமீனில் யானை இருந்ததாம். நான் சின்ன வகுப்பில் படித்தபோது ஒரு யானை. ஓ.எல். பரீட்சை எழுதும்போது மூன்று. ஏ.எல். முடித்தபோது ஏழாகிவிட்டது. யாரும் எண்ணிப் பார்த்துச் சண்டைக்குப் போகவில்லை. எங்கள் தோட்டத்தில் எல்லாருடைய பாட்டனும் ஒற்றைச் சாக்கோடு மலையேறி வந்தவர்கள்தான். நம்மில் ஒருத்தருக்காவது யானை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

தோட்டத்தை நடத்திய பெரிய துரை ஒருவர் வேலையை விட்டுப் போனபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். துரை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கைவைத்த நாற்காலியை ஜமீன் ஐயா எடுத்துவந்து கடையில் போட்டுக்கொண்டார். கூடையோடு கீழே நின்று அந்த நாற்காலியை அண்ணாந்து பார்த்த பெண்களெல்லாம், அதில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கடைக்குப் போனார்கள். “தொர நாக்காலியில நம்மாளு” என்று எங்கள் அம்மா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியிலிருந்தே அவர் கோயில் கமிட்டித் தலைவரானார். அப்புறம் கடைவீதிச் சங்கத்துக்குத் தலைவர். அப்புறம் தேர்தலில் நின்று சபைக்கும் தலைவர். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். சபைக் கட்டடத்தில் அவருக்கு ஓர் அறை இருந்தது, ஆனால் ஆட்சி நடந்ததெல்லாம் கடையில்தான்.

அவரைப் பற்றி வேறு பேச்சுகளும் இருந்தன. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் தகரம் அடித்த மூன்று தேயிலைப் பெட்டிகள், மூன்றுக்கும் பூட்டு. உள்ளே கழிவுத் தேயிலை இருப்பதாகவும், அதைச் சாயமேற்றி நல்ல தூளோடு கலந்து லாரியில் அனுப்புவதாகவும் சொல்வார்கள். ஓடையில் மாணிக்கக் கல் தோண்டுகிறவர்கள் அவருடைய ஆட்கள் என்பார்கள். ஒரு காலத்தில் கசிப்புச் சாராயமும் காய்ச்சினாராம். இதையெல்லாம் எங்கள் ஆட்கள் கோபமாகச் சொல்லவில்லை, ஒரு பெருமையோடுதான் சொன்னார்கள். நானும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, “பெரிய ஆளுங்க திருடாத தேயிலையா?” என்று அவருக்காக வாதாடியிருக்கிறேன். படித்தவள் பேசுகிற பேச்சா அது? ஆனால் பேசினேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. தெருப் பெயர் கிடையாது. அத்தனை குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். கடிதம் தோட்டத்து ஆபிசுக்குப் போய் ஒரு மேசையில் கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்துவருவார்கள். எங்கள் தோட்டத்தில் மட்டும் பதினோரு லெட்சுமிகள் இருந்தார்கள். அதனால் முக்கியமான கடிதம் என்றால் டவுனில் ஒரு கடையின் விலாசத்தைக் கொடுப்போம். எங்கள் பக்கத்து மூன்று தோட்டங்களுக்கும் அது ஜமீன் ஐயாவின் கடை. பதிவுத் தபால் என்றால் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பார். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நாங்களேதான் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அழகான கையெழுத்தில் அவர் விலாசத்தை எழுதினோம்.

என் கடிதம் மேடையில் வந்தது. ஏ.எல். முடித்து, ஆசிரியப் பயிற்சிக்காகக் கல்வியியற் கல்லூரிக்கு எழுதிப் போட்டுவிட்டு, நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தேன். அம்மன் திருவிழா அன்று ஒலிபெருக்கியில் என் பெயர். மேடையில் துரை நாற்காலி, அதில் அவர். எழுந்து நின்றார். என் கழுத்தில் மாலை போட்டு, நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதத்தை இரண்டு கையாலும் என் கையில் வைத்து அழுத்தினார். மூன்று தோட்டமும் கைதட்டியது. அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் காலில் விழுந்தாள். அவர்தான் எனக்கு அந்த இடத்தை வாங்கிக்கொடுத்தார் என்றே அவள் சாகும்வரை நம்பினாள்.

பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கடிதத்தின் மேலே இருந்த தேதியோ, ஒரு மாதத்துக்கும் முந்தியது. உறையின் வாயில் சோற்றுப் பசை காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டையும் நான் பார்த்தேன். தபால் மெதுவாகத்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலை போட்ட கழுத்தோடு நிற்பவளுக்கு வேறு எதுவும் தோன்றாது.

அக்காவுக்குக் கடிதம் வரவில்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவள். என்னைவிடக் கெட்டிக்காரி, நல்ல மார்க். நான் எழுதுவதற்கு மூன்று வருடம் முன்பே அதே கல்லூரிக்கு எழுதிப் போட்டாள். சனிக்கிழமைதோறும் நாலு மைல் நடந்து கடைக்குப் போவாள். “வரட்டும் தாயி. வந்தா என் கையால தர்றேன்” என்பார். அவளும் சும்மா வந்து நிற்கமாட்டாள், கடையில் ஏதாவது வேலை செய்துகொடுப்பாள். திருவிழாவுக்குத் தோரணம் வெட்டுவதில் அவளை அடிக்க ஆளில்லை. கொடியேற்றத்துக்கு இரண்டு வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமைதான் தோரணம் வெட்டுகிற நாள். வருடா வருடம் அதே நாள், அதே கடை. அந்த வருடத் திருவிழாவும் முடிந்து, மழையும் தொடங்கியபின், அக்கா தோட்டத்தில் பேர் பதிந்து கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்துக்குப் போய்விட்டாள். “எனக்கு எழுதி வைக்கல” என்று ஒரு தடவைதான் சொன்னாள். அவள் கல்யாணத்துக்கு ஜமீன் ஐயா கூறைச் சேலை கொடுத்தார். அதையும் இரண்டு கையாலும்தான் கொடுத்தார். இன்றுவரை அது அவள் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

நான் இப்போது வட்டகொடைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். நிரோஷா ஏ.எல். முடித்து அதே கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது என் விலாசத்தைப் போடச் சொன்னேன். அக்கா மறுத்துவிட்டாள்.

“ஒனக்கு நாலு வருசத்துக்கு ஒருக்கா ஸ்கூல் மாத்தம் வருது. அவரு கட மாறுமா?”

“போன்ல கேட்டுக்கலாம் அக்கா.”

“நம்ம லயத்துல போன் எடுக்க மரத்துல ஏறணும். ஒன் கடுதாசி பத்திரமா வந்துச்சா இல்லியா? அவரு கைக்குப் போனா வரும்டி.”

கூடப் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் கடிதம் வந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சை என்றும் தெரிந்துவிட்டது. நிரோஷாவுக்கு மட்டும் வரவில்லை. பிள்ளை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. அக்காவை அந்த வயதில் அப்படியே பார்த்தவள் நான். பாடசாலை விடுமுறைதான். திங்கட்கிழமை காலையில் நானே கடைக்குப் புறப்பட்டேன்.

கடை முன்னால் பொலிஸ் ஜீப் நின்றது. கழிவுத் தேயிலை பற்றி யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பெட்டிகளையும் வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். சாவி கேட்டதற்கு ஜமீன் ஐயா, “அது ஊர்ச் சொத்து” என்றாராம். பூட்டை உடைத்தார்கள். கூட்டம் எட்டிப் பார்த்தது. சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடப் பேச்சைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

கான்ஸ்டபிள் தூள் அள்ளுவதற்காகத் துணிப்பையை விரித்துப் பிடித்தபடி முதல் பெட்டிக்குள் கையை விட்டார். ஒரு பிடி கடிதம் வந்தது. இன்னும் ஆழமாக விட்டார், கடிதம். பெட்டியையே கவிழ்த்தார். இரண்டாவதையும் கவிழ்த்தார்.

“ஒக்கோம லியும் சேர்!” என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கத்தினார். எல்லாமே கடிதம் என்று சிங்களத்தில் சொல்கிறார்.

பழுப்பு உறைகள், நீலக் கடிதங்கள், அரசாங்க முத்திரை குத்திய நீள உறைகள். ஒரு கிழவர்தான் முதலில் குந்தி உட்கார்ந்து ஓர் உறையைத் திருப்பிப் பார்த்தார். “இது நம்ம பெரியசாமி பேரு” என்றார். அவ்வளவுதான். எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அடையாள அட்டைக்குக் கூப்பிட்டது, வேலைக்குக் கூப்பிட்டது, ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தது. அந்தப் பெட்டிகளில் கழிவுத் தேயிலை இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. கசிப்போ, களவெடுத்த கல்லோ, எதுவாக இருந்தாலும் தாங்கியிருப்பேன்.

இன்ஸ்பெக்டருக்கு ஏமாற்றம். தேயிலை இல்லாததால் லாரிக் கணக்குத் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கடித விஷயம் மேலே அறிவிக்கப்படும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜமீன் ஐயா கடைக்குள் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை எங்களுக்கு.

நிரோஷாவின் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கையில் அகப்பட்டது அக்காவின் பெயர். கல்யாணத்துக்கு முந்திய பெயர், எங்கள் அப்பாவின் முதலெழுத்தோடு. கல்வியியற் கல்லூரி நேர்முகப் பரீட்சைக்கு வருமாறு அழைத்திருந்தார்கள். உறையின் மூலையில், பென்சிலில், முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தது: ‘திருவிழாவில் கொடுக்க’.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் போனேன். நான் கத்துவேன் என்று நினைத்தேன். ஆனால் மரியாதையாகத்தான் பேச்சு வந்தது.

“ஐயா, இது எங்க அக்கா கடுதாசி.”

என் கையிலிருந்த உறையைப் பார்த்தார். கண்ணாடியைக்கூடத் தேடவில்லை, பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“ஆமா தாயி. நல்ல மார்க் எடுத்த புள்ள. மேடையில ஏத்தி, மால போட்டு என் கையால குடுக்கணும்னு எடுத்து வச்சேன். திருவிழாவுக்கு முந்தியே அந்தத் தேதி வந்துருச்சு. நான் கவனிக்கல. தேதி போன கடுதாசிய ஒரு புள்ள கையில எப்படிக் குடுக்குறது, சொல்லுங்க?”

“சொல்லியிருக்கலாமேங்க. சனிக்கெழம சனிக்கெழம வந்து நின்னாளே.”

“மனசு வரல தாயி.”

பிறகு வாசலில் குந்தியிருந்த கூட்டத்தைக் காட்டினார். அவர் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை.

“ஆனா ஒண்ணப் பாத்துக்கங்க. ஒரு கடுதாசிய நான் எரிச்சதில்ல, கிழிச்சதில்ல. எல்லாம் பத்திரமா இருக்கு.”

அதை அவர் பெருமையாகச் சொன்னார். எத்தனை கெட்டவர்களைப் பற்றி எத்தனை கதை கேட்டிருக்கிறேன். தான் செய்தது என்னவென்றே தெரியாத ஒருவரின் எதிரில் அன்றுதான் முதல்முறையாக நின்றேன்.

அவர் எழுந்து வெளியே போனார். அக்காவின் உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். கவிழ்க்காமல் விட்டிருந்த மூன்றாவது பெட்டியின் மேலாக ஒரு சிவப்புத் துணி மூட்டை இருந்தது. அதை அவிழ்த்து, தேடாமலே ஓர் உறையை எடுத்தார். நிரோஷாவின் பெயர்.

“திருவிழா அடுத்த மாசம். அதுல தரலாம்னு இருந்தேன். நீங்க அவசரப்படுறீங்க” என்றார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றார். இரண்டு கையாலும் நீட்டினார். என் கை இரண்டும் தானாக எழுந்து சேர்ந்துகொண்டன. உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

“ரொம்ப நன்றிங்க ஐயா” என்றேன்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்து நினைத்து எனக்கு அருவருப்பாக இருந்தது.

லயத்துக்குப் போனபோது அக்கா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தாள். இடுப்புச் சாக்கை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள். டவுனில் நடந்தது எதுவும் இன்னும் மேலே வரவில்லை. நிரோஷா கடிதத்தைப் பிடுங்கிப் பிரித்து, “வியாழக்கெழம! வியாழக்கெழம!” என்று குதித்தாள். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அந்த உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பாத்தியாடி? நான் சொன்னேன்ல, அவரு கைக்குப் போனா பத்திரமா வரும்னு.”

இன்னொரு உறை என் கைப்பையில் இருந்தது. இப்போது வேண்டாம் என்று நினைத்தேன். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள். வியாழக்கிழமை போய்விட்டு வரட்டும். அப்புறம் ஒரு நல்ல நேரம் பார்த்து நானே அக்கா கையில் கொடுத்துக்கொள்ளலாம்.

அப்படி நினைத்த அடுத்த கணமே அது யாருடைய பேச்சு என்று எனக்குப் புரிந்தது. பையைத் திறந்து, உறையை எடுத்து அக்காவிடம் நீட்டினேன்.

அவள் தன் பழைய பெயரைப் பார்த்தாள். கடிதத்தைப் பிரித்து முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு மறுபடியும் மேலே போனாள். கொழுந்துக் கறை படிந்த விரல் பரீட்சைத் தேதியில் போய் நின்றது.

“செவ்வாக்கெழம” என்றாள்.

“ஆமாக்கா.”

“கொடியேத்துறதுக்கு ரெண்டு கெழம முந்தி.”

நான் தலையசைத்தேன். நிரோஷா குதிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது எங்கடி இருந்துச்சு?”

“அவரு கடையில. பின்னறையில ஒரு தேயிலப் பெட்டிக்குள்ள.”

அக்கா வாசற்படியில் உட்கார்ந்தாள். அந்தப் பென்சில் எழுத்தை விரலால் தடவினாள்.

“அன்னைக்கி நான் அங்கதான் இருந்தேன்” என்றாள். “காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் தோரணம் வெட்டுனேன். அவருதான் டீ கொண்டாந்து ரெண்டு கையாலயும் குடுத்தாரு. கடுதாசி ஏதும் வந்துச்சுங்களான்னு கேட்டேன். வந்தா என் கையால தர்றேன் தாயின்னாரு.”

கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள்.

“அப்ப அந்த ரூம்ல ஒரே ஒரு பெட்டிதான். அது மேல உக்காந்துதான் வெட்டுனேன்.”